அகத்தியர் குடித்த கடலும் கல்கத்தாப் பையன்களும்

2014-ல் வேலை நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்தான். ரசகுல்லா, ஹவுரா பாலம், அன்னை தெரசா. முதலாவது உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவதை முதல் நாளே பார்த்தாயிற்று. மூன்றாவதைப் பற்றி ஒரு டீக்கடைச் சண்டை நடந்தது. இந்தப் பதிவு அதிலிருந்துதான் கிளம்புகிறது.

2016 செப்டம்பர் 4-ம் தேதி அன்னை தெரசாவுக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க சால்ட் லேக்கில் எங்கள் ஆபீசுக்கு எதிரே உள்ள டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. எங்கள் டீமில் இரண்டு பேர். ஒருவன் தூத்துக்குடிப் பையன், கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். இன்னொருத்தி பாங்குராவிலிருந்து வந்த வங்காளிப் பெண். அப்பா, தாத்தா எல்லாம் கட்சிக்காரர்கள், கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பாள். இருவருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"ஒரு பொண்ணு வயித்துல பதக்கத்தை வச்சதும் கட்டி கரைஞ்சதாம். நீ இன்ஜினீயரிங் படிச்சவன், நம்புறியா?" இது அவள்.

"டாக்டருங்க கூடி உக்காந்து விசாரிச்சுதான் சொல்றாங்க. நீ விசாரிச்சியா?" இது அவன்.

எனக்கு இரண்டு கேள்வியும் நியாயமாகப் பட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. மண் குவளையைத் தொட்டியில் போட்டு உடைத்துவிட்டு மேலே வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் துழாவியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இதே சண்டை, இதே ஊரில், இதே வயசுப் பிள்ளைகளுக்குள், கிட்டத்தட்ட இருநூறு வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நன்றாகவே நடந்திருக்கிறது.

*

கதையை 1820-ல் ஆரம்பிக்கலாம். ராஜா ராம்மோகன் ராயை நமக்குப் பள்ளிக்கூடத்தில் உடன்கட்டை ஏறுவதை ஒழித்தவர் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதர் 1820-ல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். நான்கு நற்செய்திகளிலிருந்தும் மலைப்பிரசங்கம், உவமைகள், அறிவுரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அற்புதங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

ஏன் விட்டார் என்பதை முன்னுரையில் அவரே சொல்கிறார். அற்புதக் கதைகள் சந்தேகத்துக்கும் சண்டைக்கும் இடம் கொடுப்பவை. அதுவும் போக, இந்த நாட்டுக்காரர்கள் பரம்பரையாகக் கேட்டு வளர்ந்த அற்புதங்களோடு ஒப்பிட்டால் இவை ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லி இங்கே யாரையும் அசைக்க முடியாது என்பது அவர் கட்சி.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீராம்பூரில் இருந்த பாப்டிஸ்ட் பாதிரிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. (ஸ்ரீராம்பூர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. நம்ம தரங்கம்பாடி மாதிரியேதான். 1845-ல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.) அங்கிருந்த ஜோஷுவா மார்ஷ்மன் தன் பத்திரிகையில் கடுமையாக எதிர்த்தார். அற்புதங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல வாத்தியார்தானே, ரட்சகர் எங்கே என்பது அவர் கவலை. ராம்மோகனை 'அஞ்ஞானி' என்கிற பொருளில் ஒரு வார்த்தையும் விழுந்துவிட்டது. ராம்மோகன் சும்மா இருப்பாரா? 1820, 1821, 1823 என்று மூன்று பதில் புத்தகங்கள் எழுதினார். மூன்றாவதை அச்சடிக்க பாப்டிஸ்ட் அச்சகம் மறுத்துவிட்டது. மனுஷன் சொந்தமாக அச்சகமே வைத்து அடித்துவிட்டார்.

அந்தப் பதில்களில்தான் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். அகத்தியர்! தண்ணீரைத் திராட்சை ரசமாக்கியதைச் சொல்லி இந்துக்களை எப்படி அசத்துவீர்கள், அவர்களுடைய அகத்தியர் கடலையே குடித்தவர், அவர் சொல்லுக்கு விந்திய மலை குனிந்து இன்றுவரை நிமிரவில்லை என்று நம்புகிறவர்கள் அவர்கள் என்ற தோரணையில் போகிறது வாதம். குடித்த கடலை முனிவர் எப்படி வெளியே விட்டார் என்பதையும் ராம்மோகன் விடாமல் எழுதியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களுக்காக நான் அதை விட்டுவிடுகிறேன்.

இது கேலி இல்லை. உள்ளே ஒரு கூர்மையான கேள்வி இருக்கிறது. பழைய சாட்சிகளை வைத்து உங்கள் அற்புதத்தை நான் நம்ப வேண்டும் என்றால், அதே அளவு பழைய சாட்சிகளை வைத்து என் அற்புதத்தை நீங்கள் ஏன் நம்பக் கூடாது? ஸ்காட்லாந்தில் டேவிட் ஹ்யூம் 1748-ல் அற்புதங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இதற்கு நெருக்கமான வாதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மதத்தின் அற்புதமும் மற்ற மதத்தின் அற்புதத்துக்கு எதிர்சாட்சி ஆகிவிடுகிறது என்பார் அவர். ஹ்யூமுக்கு அது ஏட்டில் வைத்த வாதம். ராம்மோகனுக்குத் தெருவில் இறங்கினால் கண்ணில் படும் விஷயம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அவரவர் அற்புதங்களோடு ஒரே சந்தில் குடியிருந்த ஊரில் அவர் இருந்தார். கிறிஸ்தவத்தை மட்டும் குறிவைத்தவரும் அல்ல. 1803-04 வாக்கில் பாரசீகத்தில் அவர் எழுதிய முதல் நூலிலேயே எல்லா மதங்களின் அற்புதக் கதைகளையும் சந்தேகித்திருக்கிறார்.

இந்தச் சண்டையில் ஒரு வேடிக்கை நடந்தது. வில்லியம் ஆடம் என்ற இளம் பாதிரியார் ராம்மோகனோடு சேர்ந்து யோவான் நற்செய்தியை வங்காளத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். எல்லாம் 'அவரால்' உண்டாயிற்றா, 'அவர் மூலமாக' உண்டாயிற்றா? ஒரு சின்ன உருபு. அதில் ஆரம்பித்த விவாதம் எங்கெங்கோ போய், 1821-ல் ஆடம் திரித்துவத்தையே கைவிட்டுவிட்டார். ராம்மோகனை மாற்ற வந்தவர் தானே மாறிவிட்டார். ஆதாம் இரண்டாவது முறையாக விழுந்துவிட்டான் என்று ஊரே கிண்டல் செய்ததாம்.

*

இதெல்லாம் பெரியவர்கள் சண்டை. பையன்கள் சண்டை அடுத்து வருகிறது.

1817-ல் கல்கத்தாவில் இந்து கல்லூரி தொடங்கியது. இன்றைய பிரசிடென்சி பல்கலைக்கழகத்தின் மூலம் அதுதான். 1820-களின் நடுவில் அங்கே வாத்தியாராகச் சேர்ந்தவர் ஹென்றி டெரோசியோ. 1809-ல் பிறந்தவர். அதாவது வாத்தியாருக்கே இருபது வயது ஆகவில்லை! போர்த்துக்கீசிய வம்சாவளிக் கலப்புக் குடும்பம், கவிஞர். 1828 வாக்கில் இவரைச் சுற்றி ஒரு விவாத சங்கம் உருவானது. மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடுவார்கள். விதியா முயற்சியா, கடவுள் உண்டா இல்லையா, சிலை வணக்கம் சரியா என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த நாட்களில் தாமஸ் பெய்னின் 'ஏஜ் ஆஃப் ரீசன்' கல்கத்தாவில் கப்பலில் வந்து இறங்கியது. பைபிள் அற்புதங்களைத் தாறுமாறாகக் கிழிக்கும் புத்தகம். ஒரு ரூபாய்க்கு விற்றது, பையன்கள் போட்டி போட்டதில் ஐந்து ரூபாய் வரை ஏறியது என்று இதை வெறுத்த பாதிரியார் டஃப் எழுதிவைத்திருக்கிறார். அன்றைய ஐந்து ரூபாய், சாமி!

விளைவுகள் வீடுகளில் தெரிந்தன. ரசிக் கிருஷ்ண மல்லிக் என்ற மாணவர் நீதிமன்றத்தில் கங்கை நீரைத் தொட்டுச் சத்தியம் செய்ய மறுத்தார். கங்கை புனிதம் என்று நான் நம்பவில்லை, பிறகு எப்படிச் சத்தியம் செய்வது என்றார். ஊர் கொதித்தது. பழி வாத்தியார் தலையில் விழுந்தது. 1831 ஏப்ரலில் டெரோசியோவை வேலையை விட்டுப் போகவைத்தார்கள்.

அப்போது அவர் வில்சன் என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதம் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பகுதி. கடவுள் இல்லை என்று சொல்லிக் கொடுத்தாயா என்பது குற்றச்சாட்டு. அவர் பதிலின் சாரம் இது: ஹ்யூமின் சந்தேகங்களை நான் பையன்களுக்குப் படித்துக் காட்டியது உண்மை. ஹ்யூமுக்கு மறுப்பாக ரீட், ஸ்டூவர்ட் எழுதியதையும் படித்துக் காட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால்தான் நான் தப்பு செய்தவன்.

இருபத்திரண்டு வயதில் வேலை போகும் நேரத்தில் இப்படி ஒரு கடிதம். அதே வருடம் டிசம்பர் 26-ம் தேதி காலராவில் இறந்துபோனார். பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். நல்ல நிழல்.

*

எதிர்த்தரப்பும் சளைத்தது இல்லை. 1830 மே மாதம் அலெக்சாண்டர் டஃப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கல்கத்தா வந்தார். வயது 24. வரும் வழியில் இரண்டு முறை கப்பல் உடைந்தது. கொண்டுவந்த எண்ணூறு புத்தகங்களும் கடலில் போயின. கரைசேர்ந்தது ஒரு பைபிள் மட்டும்தான் என்று சொல்வார்கள். அந்த பைபிள் தப்பியது அற்புதமா தற்செயலா என்று ஒரு தனி விவாதமே வைக்கலாம்!

டஃப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்க இடம் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? ராம்மோகன் ராய். 1830 ஜூலை 13-ம் தேதி ஐந்து மாணவர்களோடு தொடங்கியது. பைபிளைக் கையில் கொடுத்ததும் பையன்கள் முணுமுணுத்தார்கள். ராம்மோகன்தான் சமாதானம் செய்தார். நான் குரானைத் திரும்பத் திரும்பப் படித்தவன், முஸ்லிம் ஆகவில்லை. பைபிள் முழுவதும் படித்தவன், கிறிஸ்தவன் ஆகவில்லை. படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்றாராம். இப்படி ஒரு பெரியவர் இன்று எந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்?

அந்த ஆகஸ்டிலேயே டஃபும் நண்பர்களும் இந்து கல்லூரிப் பையன்களுக்காக கிறிஸ்தவ நம்பிக்கையின் ஆதாரங்களைப் பற்றி மாலைச் சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஒரு சொற்பொழிவுதான் நடந்தது. அதற்கே நகரம் அல்லோலகல்லோலப்பட்டது. மாணவர்கள் போகக் கூடாது என்று கல்லூரி நிர்வாகம் தடை போட்டது. டெரோசியோ வெளியேறிய பிறகு டஃப் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை கேள்வி கேட்கலாம், மறுக்கலாம். பையன்கள் குவிந்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்த விஷயத்துக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது வில்லியம் பேலி 1794-ல் எழுதிய நூல். அவருடைய வாதம் எளிமையானது. அற்புதங்களைப் பார்த்ததாகச் சொன்ன முதல் சாட்சிகள் அதனால் லாபம் அடையவில்லை. உழைப்பு, ஆபத்து, துன்பம்தான் கண்டார்கள். பொய்யென்று தெரிந்த ஒன்றுக்காக யாராவது இவ்வளவு படுவார்களா? ஹ்யூம் கட்சி அதற்கு நேர் எதிர். சாட்சி பொய்யாகவோ ஏமாந்தோ இருப்பது, இயற்கை விதி உடைவதை விடப் பெரிய அதிசயமா என்று முதலில் எடை போட்டுப் பார். இரண்டில் எது சின்ன அதிசயமோ அதை நம்பு.

கவனியுங்கள். இரண்டு பக்கமும் பேசியது ஆதாரம் என்ற ஒரே பாஷையைத்தான். எங்கள் முன்னோர் சொன்னார்கள், வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை.

*

இந்தக் கதையின் நாயகன் கிருஷ்ண மோகன் பானர்ஜி. 1813-ல் பிறந்தவர், குலீன பிராமணர், டெரோசியோ வட்டத்துப் பையன். 1831 ஆகஸ்டில் அவர் வீட்டில் இல்லாத நேரம் நண்பர்கள் கூடி மாட்டிறைச்சி தின்று, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிராமணர் முற்றத்தில் வீசிவிட்டார்கள். இது பகுத்தறிவு இல்லை, வெறும் திமிர். தெருவே திரண்டது. திரும்பி வந்தவரை அன்று இரவே வீட்டை விட்டுத் துரத்தினார்கள். பதினெட்டு வயதில் தங்க இடம் இல்லாமல் நின்றார்.

பிறகு டஃபின் கூட்டங்களுக்குப் போனார். ஒரு வருடம் வாதாடினார். 1832 அக்டோபரில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு முன்பே அந்த ஆகஸ்டில் மகேஷ் சந்திர கோஷ் என்ற நண்பரும் பெற்றிருந்தார். போன வருடம் நாத்திகன், இப்போது கிறிஸ்தவன், என்னையும் மீறி என்னை எதுவோ இங்கே கொண்டுவந்துவிட்டது என்று மகேஷ் சொன்னதாக டஃப் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் எனக்கு நின்று யோசிக்கத் தோன்றியது. ஆதாரத்தால் ஜெயிக்கலாம் என்று கிளம்பியவர் டஃப். அவருடைய முதல் வெற்றியே, ஆதாரம் என்னைக் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. என்னையும் மீறி என்கிறது! வாதம் வாசல் வரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. படி தாண்டியது வேறு ஏதோ.

அதே மாதிரி, அதே புத்தகங்களைப் படித்த மற்றவர்களில் பெரும்பாலோர் மதம் மாறவே இல்லை. ராம்தனு லாஹிரி 1851-ல் பூணூலைக் கழற்றிவிட்டு பிரம்ம சமாஜப் பக்கம் வாழ்ந்தார். ராதாநாத் சிக்தார் கணக்குப் பக்கம் போய், பிற்பாடு எவரெஸ்ட் என்று பெயர் வைத்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். (அந்த நில அளவை 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம்தான் ஆரம்பித்தது.) கிருஷ்ண மோகன் பாதிரியாராகி, பெரிய அறிஞராகி 1885-ல் இறந்தார். ஒரே வாத்தியார், ஒரே புத்தகம், ஆளுக்கு ஒரு திசை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். டேவிட் ஹேர். கடிகாரம் செய்ய ஸ்காட்லாந்திலிருந்து வந்து, பிள்ளைகளைப் படிக்க வைப்பதே வேலையாகிப் போனவர். மத நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர். 1842-ல் காலராவில் இறந்தபோது கிறிஸ்தவக் கல்லறையில் இடம் கொடுக்கவில்லை. காலேஜ் ஸ்கொயர் குளத்தங்கரையில், அவர் கொடுத்த நிலத்திலேயே புதைத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான். சாயங்காலம் அந்தக் குளத்தில் சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள்.

*

சரி, டீக்கடைக்கு வருவோம்.

மோனிகா பெஸ்ரா தெற்கு தினாஜ்பூர் மாவட்டத்து சந்தால் பழங்குடிப் பெண். 1998 செப்டம்பர் 5, அன்னை தெரசாவின் முதல் நினைவு நாள் அன்று அன்னையின் பதக்கத்தை வயிற்றில் வைத்து ஜெபித்ததும் கட்டி மறைந்தது என்பது அவர் வாக்கு. அது காசநோய்க் கட்டி, மாதக்கணக்கில் சாப்பிட்ட மருந்தில் கரைந்தது என்பது சிகிச்சை கொடுத்த டாக்டர்கள் வாக்கு. 2002-ல் வத்திக்கான் அற்புதம் என்று ஏற்றது. 2003 அக்டோபரில் முதல்கட்டப் பட்டமும் கொடுத்தது. பிரேசில் நாட்டில் ஒருவர் 2008-ல் மூளை நோயிலிருந்து குணமானதை இரண்டாவது அற்புதமாக ஏற்றுத்தான் 2016-ல் புனிதர் பட்டம்.

தூத்துக்குடிப் பையன் சொன்னது பாதி சரி. திருச்சபை கேட்டதையெல்லாம் நம்பிவிடுவதில்லை. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும், மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது, சட்டென்று முழுசாகக் குணமாகித் திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்ற விதிகள் 18-ம் நூற்றாண்டிலேயே, ஹ்யூம் வாழ்ந்த காலத்திலேயே, லம்பெர்த்தினி என்ற கர்தினால் எழுதிவைத்தவை. பின்னாளில் அவரே போப் ஆனார். பாங்குராப் பெண் சொன்னதும் பாதி சரி. மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்றால் அந்த விதியே இடிக்கிறதே? எதிர்த்து வாதாட என்றே இருந்த 'சாத்தானின் வக்கீல்' பதவியின் பழைய அதிகாரத்தையும் 1983-ல் குறைத்துவிட்டார்களே?

இதை இருவரிடமும் சொன்னேன். இருவருமே என்னைத் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். :-)

என் கட்சி என்ன என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் திருவாரூர்ப் பக்கம். கோயில் குளம் என்று வளர்ந்த வீடுதான். ஆனால் எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து பிழைப்பேனா என்று ஆனபோது அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். "ஊசி போட்டது நான், நன்றி மாதாவுக்காம்மா?" என்று டாக்டர் சிரித்தாராம். அம்மா சொன்னாளாம்: "உங்களுக்குத்தான் பீஸ் குடுத்தாச்சே டாக்டர். அங்கதான் இன்னும் பாக்கி."

வேளாங்கண்ணியில் காணிக்கைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக் கை, வெள்ளிக் கால், குழந்தை உருவம், நன்றிக் கடிதங்கள். பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். இருபது வருடம் கழித்து அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோதும் அம்மா அதே மாதாவுக்குத்தான் நேர்ந்துகொண்டாள். எட்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். கேட்டுக் கிடைக்காதவர்களுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஹ்யூமைப் படிப்பதற்கு முன்பே அந்தக் கணக்கு எனக்கு அன்று புரிந்துவிட்டது.

ஆனால் அப்பாவின் வருஷத் திதி முடிந்த மறுமாதம் அம்மா வேளாங்கண்ணிக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம். "அதான் நடக்கலையே, எதுக்கும்மா இப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா பையில் மெழுகுவத்தியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "கேட்டேன், குடுக்கல. அதுக்காகப் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துட முடியுமாடா?"

டஃபிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது, டெரோசியோவிடமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் டெரோசியோ இதையும் வகுப்பில் சொல்லியிருப்பார்.

போன வாரம் அந்தத் தூத்துக்குடிப் பையனைக் காலேஜ் ஸ்கொயருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹேர் கல்லறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். "அவரு நம்பாதவருடா" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றான்.